விழுந்த மரங்களும் மரக்கூழ் இயந்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயலில் சாய்ந்த மரங்களையும், மின்கம்பிகளுக்காக வெட்டிப் போடும் கிளைகளையும் என்ன செய்வது என்பது பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சென்னை மாநகராட்சி ஒரு மரக்கூழ் இயந்திரத்தை வாங்கி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கிலோ பெருங்குடிக் கிடங்கிலோ நிறுவிவிட்டால், குப்பைமேட்டுக்குப் போகும் மரமெல்லாம் காகிதமாகிவிடும், வருவாயும் கிடைக்கும் என்பது வாசகர்கள் சிலரின் யோசனை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்து சென்ற பிறகு, ஆயிரக்கணக்கான மரங்கள் தெருக்களை மறித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றுவது இயல்பே. ஆனால் காகித ஆலை ஒன்றின் கூழ்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த இயந்திரம் எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். பொதுப் பணத்தில் இயந்திரம் வாங்கி, அது துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்ப்பதைவிட, வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

தெருவோரம் கிளைகளை விழுங்கித் துண்டு துண்டாகத் துப்பும் வண்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது சிப்பர், சுழலும் கத்திகளால் மரத்தை வெட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கூழ் இயந்திரத்தின் வேலை, மரத்தை இழை இழையாகப் பிரிப்பது. மரம் என்பது மெல்லிய, உள்ளீடற்ற நார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, லிக்னின் என்னும் இயற்கைப் பசையால் ஒட்டப்பட்ட ஒரு கட்டுமானம். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த லிக்னின்தான். பைன், ஸ்புரூஸ் போன்ற குளிர்நாட்டு ஊசியிலை மரங்களின் நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். நம் ஊர் அகன்ற இலை மரங்களின் நார் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இந்தச் சிறிய நாரை நறுக்காமல், பொடியாக்காமல், முழுசாக உரித்தெடுக்க வேண்டும். சிப்பரிலிருந்து வரும் சில்லை இன்னும் பொடிப்பொடியாக அரைத்தால் கிடைப்பது மரத்தூள். அதைக் கொண்டு காகிதம் செய்ய முடியாது.

மரத்தை இயந்திரத்தால் நாராக்கும் வழி 1840களில்தான் பிறந்தது. அதுவரை ஐரோப்பாவில் காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்தே செய்யப்பட்டது. அச்சு வளர வளரக் கந்தலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் காட்லோப் கெல்லர், சுழலும் சாணைக்கல்லின் மீது ஈர மரத்தை அழுத்தி நாராக்கும் முறையைக் கண்டார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்லஸ் ஃபெனர்ட்டி என்பவரும் தனியே அதே முடிவுக்கு வந்து, மரத்தால் செய்த ஒரு காகிதத் துண்டை இணைத்து, 1844 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் நகர்ச் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். (ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோருக்கு இதைவிடப் பெருமையான முன்னோடி இருக்க முடியாது.) கெல்லருக்குத் தம் கண்டுபிடிப்பைத் தொழிலாக்கும் வசதி இல்லை, 1846இல் ஹைன்ரிக் ஃபோல்டர் என்ற காகித உற்பத்தியாளருக்கு உரிமையை விற்றுவிட்டார். உலகமெங்கும் அந்த இயந்திரம் பரவியபோது அதனால் அவர் பெற்ற பயன் சொற்பமே.

இயந்திரக் கூழின் சிறப்பு, மரத்தில் ஏறக்குறைய எதையும் இழக்காமல் இருப்பது. நூறு கிலோ உலர்ந்த மரத்திலிருந்து 90 கிலோவுக்கு மேல் கூழ் கிடைக்கும். காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து நீக்கும் ரசாயன முறையில் பாதியளவே தேறும். ஆனால் இயந்திரக் கூழில் லிக்னின் அப்படியே தங்கிவிடுவதால், காகிதத்தின் வலு குறையும், வெயில் பட்டால் பழுக்கும். வாசல் திண்ணையில் இரண்டு நாள் கிடந்த நாளிதழ் மஞ்சளாகிவிடுவதற்கும், புத்தகத் தாள் வெண்மை மாறாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒரே நாளில் படித்துவிடும் செய்தித்தாளுக்கு அந்தக் குறை ஒரு பொருட்டல்ல.

சாணைக்கல்லின் இடத்தை இன்று பெரும்பாலும் ரீஃபைனர் எனப்படும் தட்டு இயந்திரம் பிடித்துவிட்டது. எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தட்டுகள். அவற்றின் முகத்தில் வரி வரியாகப் பற்கள். ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற வேகத்தில் சுழலும். நடுவில் மரச்சில்லைச் செலுத்தினால், அது விளிம்பை நோக்கிப் பயணிக்கும் சில நொடிகளில் நாராகிவிடும். விளிம்பருகே தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமே. அத்தனை எடையுள்ள தட்டுகளை அவ்வளவு நெருக்கத்தில், ஒன்றையொன்று தொடவிடாமல் சுழற்றுவதுதான் இந்த இயந்திரத்தின் மொத்த நுட்பமும் என்று சொல்லிவிடலாம்.

தட்டைவிட முக்கியமானது நீராவி. இங்கேதான் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஆர்னே ஆஸ்ப்லுண்ட் 1930களின் தொடக்கத்தில் டிஃபைப்ரேட்டர் என்ற இயந்திரத்தை உருவாக்கினார். மரச்சில்லை அழுத்தமுள்ள நீராவியில் 170 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அந்த அழுத்தத்திலேயே தட்டுகளுக்கு இடையே பிரிப்பது அவருடைய முறை. அந்த வெப்பத்தில் லிக்னின் இளகிவிடுவதால், நார்கள் மிகக் குறைந்த விசையில் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் பிரிந்துவிடும். ஆனால் பிரிந்த ஒவ்வொரு நாரின் மேலும் லிக்னின் ஒரு பூச்சாகப் படிந்து, ஆறியதும் கெட்டியாகிவிடுகிறது. அத்தகைய நார் ஒன்றோடொன்று பிணையாது. அதனால் காகிதத்துக்கு உதவாது. அழுத்திப் பலகையாக்குவதற்கோ மிகப் பொருத்தம். பிற்காலத்தில், குறிப்பாக 1960களில், அதே ஸ்வீடனில் வெப்பத்தை 110 முதல் 130 டிகிரி அளவுக்குக் குறைத்துப் பார்த்தார்கள். லிக்னின் பாதி இளகிய நிலையில், நாரின் மேல்தோல் சற்றுக் கிழிந்து, உள்ளே இருக்கும் செல்லுலோஸ் வெளிப்பட்டது. அந்த நார் காகிதத்துக்கு ஏற்றதாக அமைந்தது. ஆகவே ஒரே வகை இயந்திரம், நீராவியின் வெப்பத்தைப் பொறுத்துக் காகிதக் கூழையும் தரும், பலகைக் கூழையும் தரும். ஆனால் ஒன்றுக்காக அமைத்ததை நாளைக்கு மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் மாநகராட்சிக்குச் சொன்னால், அதை நம்பிவிடக் கூடாது. தட்டின் பற்கள், மோட்டாரின் திறன், கொதிகலன், பின்னால் வரும் உலர்த்தும் அமைப்பு எல்லாமே வேறு.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு டன் செய்தித்தாள் கூழைத் தட்டு இயந்திரத்தில் செய்ய ஏறத்தாழ 2000 யூனிட், பல இடங்களில் அதற்கும் மேல், மின்சாரம் தேவை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு 2016இல் அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய 100 யூனிட்டோடு ஒப்பிட்டால், இருபது வீடுகளின் பங்கு ஒரு டன்னுக்குப் போய்விடும். நாளொன்றுக்கு 100 டன் என்ற சிறிய ஆலைக்கே தினமும் 2 லட்சம் யூனிட் ஆகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகி நீராவியாக வெளியேறும். பெரிய ஆலைகள் அந்த நீராவியைப் பிடித்துக் காகிதம் உலர்த்தப் பயன்படுத்துவதால்தான் கணக்குக் கட்டுப்படியாகிறது. பக்கத்தில் காகித இயந்திரம் இல்லாமல் கூழ் இயந்திரத்தை மட்டும் ஒரு குப்பைக் கிடங்கின் மூலையில் வைத்தால், அந்த வெப்பம் வீணாகக் காற்றில்தான் போகும். பலகை நாருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு அளவே மின்சாரம் போதும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நம் தெரு மரங்களுக்கு வருவோம். சென்னையில் புயலில் விழுபவை தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மொஹர், புங்கன், பூவரசு, வேம்பு, அரசு என்று பல இனங்கள். ஒவ்வொன்றுக்கும் அடர்த்தி வேறு, நிறம் வேறு, பிசின் வேறு. தூங்குமூஞ்சியின் வைரம் (இறுகிய நடுமரம்) கரும்பழுப்பு; வேம்பு சிவந்தது. ரசாயனக் கூழில் வேகவைத்தும் வெளுத்தும் ஓரளவு போக்கிவிடக்கூடிய இந்த நிறம், இயந்திரக் கூழில் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். பட்டையை உரிக்காமல் அரைத்தால் காகிதமெங்கும் கரும்புள்ளி விழும். வளைந்து நெளிந்த கிளையில் பட்டை உரிப்பதோ ஆலை உருளைகளுக்கு எளிதான வேலை அல்ல. இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சமூட்டுவது ஆணி. மரத்தில் விளம்பரப் பலகை அடிக்கக் கூடாது என்று மாநகராட்சி எத்தனை முறை எச்சரித்தும், நம் சாலையோர மரங்கள் ஆணியும் கம்பியும் கொக்கியும் விழுங்கி நிற்பவை. மயிரிழை இடைவெளியில் சுழலும் தட்டுகளுக்கு இடையே ஓர் ஆணி புகுந்தால், அந்த ஜோடித் தட்டுகளை மறந்துவிட வேண்டியதுதான். காந்தமும் சில்லு கழுவும் தொட்டியும் பலவற்றைப் பிடிக்கும் என்றாலும், எல்லாவற்றையும் பிடிக்கும் என்று எந்த ஆலை மேலாளரும் உறுதி தரமாட்டார்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. இந்தியாவின் முதல் செய்தித்தாள் காகித ஆலையான மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலையை 1956இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே அந்தப் பகுதிக் காடுகளின் சலாய் மரத்தை அரைத்துக் கூழாக்கினார்கள். கேரளத்தில் கோட்டயத்துக்கு அருகே வெள்ளூரில் 1980களின் தொடக்கத்தில் எழுந்த ஆலை, தைலமரச் சில்லை முதலில் ரசாயனத்தால் இளக்கி, பிறகு தட்டு இயந்திரத்துக்குள் அனுப்பியது. இரண்டு இடங்களிலும் கவனிக்க வேண்டியது, ஆண்டு முழுவதும் ஒரே வகை மரம் தடையின்றிக் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை முதலில் செய்துகொண்டுதான் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. சென்னையின் மரம் ஓர் ஆண்டில் மலைபோல் குவியும், அடுத்த ஆண்டில் கிளைகளோடு நின்றுவிடும். குவித்து வைக்கலாமே என்றால், நம் ஈரக் காற்றில் சில மாதங்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும்.

அப்படியானால் கரூர் மாவட்டத்துப் புகளூரிலோ நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்திலோ உள்ள காகித ஆலைக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆலைகள் கரும்புச் சக்கையையும், சவுக்கு, தைலமரம் போன்ற தோட்ட மரங்களையும் காரத்தில் வேகவைப்பவை. இளகிய மரமும் இறுகிய மரமும் ஒரே கொதிகலத்தில் சேர்ந்தால், ஒன்று குழைந்துபோகும், மற்றொன்று வேகாமல் நிற்கும் என்பதால் கலவை மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. தவிர, விலையே இல்லாத கிளையை லாரியில் ஏற்றி 400 கிலோமீட்டர் கொண்டுபோகும் வாடகையை யார் தருவது?

கலவை மரத்தை ஓரளவு ஏற்கக்கூடியது பலகைத் தொழில்தான். கரும்பழுப்பு நிறம் அங்கே பெரிய குற்றம் இல்லை, எம்.டி.எஃப் எனப்படும், மரநாரை அழுத்திச் செய்யும் பலகையின் மேல் எப்படியும் ஒரு தாளோ மெல்லிய ஏடோ ஒட்டப்படுகிறது. ஆந்திரத்தில் காளத்திக்கு அருகே அத்தகைய பெரிய ஆலை ஒன்று இயங்குகிறது. சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணம். புதிதாக இயந்திரம் வாங்காமல், பட்டை நீக்கிய, ஆணி சோதித்த அடிமரத்தையும் தடித்த கிளையையும் அதுபோன்ற ஆலைக்குத் தர முடியுமா என்று மாநகராட்சி விசாரிப்பதில் தவறில்லை. மாநகர எல்லைக்குள்ளேயே கூழ் ஆலை என்பது மட்டும் வேண்டாம். இயந்திரக் கூழ் முறையிலும் மரத்தின் ஒரு சிறு பகுதி நீரில் கரைந்து வெளியேறும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் நீர்நிலையின் பிராணவாயுவைக் குடித்துவிடும். பெருங்குடிக் கிடங்கை ஒட்டியிருப்பது, 2022இல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

என் கருத்தில், பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி ஆகியவற்றின் அடிமரம் அறுவை ஆலைக்குப் போக வேண்டும். அதைக் கூழாக்குவது நல்ல பலகையை வீணடிப்பதாகும். கிளைகளைச் சிப்பரில் வெட்டி, மாநகராட்சிப் பூங்காக்களிலேயே மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால், கோடையில் தண்ணீர் லாரிச் செலவு குறையும். கூழ் செய்தே ஆக வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்கள் பழைய தாளின் பக்கம் திரும்பலாம். அதற்கான இயந்திரம் மிக எளியது: அகன்ற தொட்டி, அடியில் ஒரு சுழலி, நிறையத் தண்ணீர். நார் ஏற்கெனவே பிரிந்தே இருப்பதால், மரத்துக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கே போதும். பழைய தாளையே நம்பி நடக்கும் சிறு, நடுத்தர ஆலைகள் தமிழகத்தில் பல இருக்கின்றன. ஈரக் குப்பையோடு கலந்து நம் வீடுகளிலிருந்து போகும் தாள்தான் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

இத்தனைக்குப் பிறகும் மரக்கூழ் இயந்திரம் வாங்குவதென்று மாநகராட்சி முடிவெடுத்தால், ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் விற்பனையாளரிடம் சில விவரங்களை எழுத்தில் பெற வேண்டும்: எந்த மர இனங்களில் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட், ஒரு ஜோடித் தட்டு எத்தனை மணி நேரம் தாங்கும், அதன் விலை என்ன, வெளியேறும் நீருக்கு என்ன ஏற்பாடு, கிடைக்கும் கூழை வாங்க எந்த ஆலை ஒப்புக்கொண்டிருக்கிறது. சோதனைக்கு விற்பனையாளர் கொண்டுவரும் சவுக்குச் சில்லை ஏற்காமல், நம் கிடங்கில் கிடக்கும் பட்டையோடு கூடிய தூங்குமூஞ்சிக் கிளையைக் கொடுத்து, பொறியாளர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காகித ஆலைப் பொறியாளர்,
நங்கநல்லூர், சென்னை.