17ஆவது மாடி அக்காவுக்கு

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் என் பூனை மீனுவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை அக்கா.

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தஞ்சாவூரிலிருந்து போன் வந்தபோது இரவு 11 மணி. விடியற்காலை விமானம். டிசம்பர் பள்ளி விடுமுறை என்பதால் பூனைக் காப்பகம் எதிலும் இடமில்லை. வெளியாள் வந்து பார்ப்பதென்றால் சிங்கப்பூரில், எங்கள் பொங்கோல் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்), ஒவ்வொரு தடவையும் காவலரிடம் பதிய வேண்டும், மின்தூக்கிக்கு அட்டை வேண்டும். மின்தூக்கியில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம்தான் நமக்குள். அதை நம்பித்தான் உங்கள் கதவைத் தட்டினேன்.

சாவியை வாங்கியதும் நீங்கள் மீனுவைப் பார்க்கவில்லை, ஜன்னல்களைப் பார்த்தீர்கள். வலையின் ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய், சமையலறையில் ஒரு மூலை விட்டிருந்ததைக் கண்டுபிடித்து அப்போதே கட்டினீர்கள். எங்கள் வீடு 14ஆவது மாடி. நான் கவனித்ததே இல்லை. உங்கள் அம்மாவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 2024 செப்டம்பரில் பூனைக்கு அனுமதி வந்ததுமே வலை போட்டவராயிற்றே நீங்கள்!

மீனு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டாள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் இரவு தரையில் படுத்துக் கரண்டியை நீட்டிக்கொண்டே இருந்தீர்கள். அந்த வீடியோவில் உங்கள் வளையல் சத்தம், பிறகு அவள் நக்கும் சத்தம். ஐசியூ வாசலில் அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இரவு 7 மணிக்கு மின்தூக்கி நிற்கும் சத்தம் கேட்டால் மீனு இன்னும் கதவருகே போய் உட்காருகிறாள், அக்கா.