அம்மாவின் இரண்டு மாத்திரைகள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு அம்மாவை மாற்றிவிடலாமே என்று கேட்டிருந்தாய். ஊசி குத்திக் குத்தி அவள் கை கன்றிப்போவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தெரியும். நானும் டாக்டரிடம் இதையே கேட்டேன். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எழுதுகிறேன்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. அதற்கு மேலே இருக்கும் இடது மேலறை விரிந்துபோய், ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

காலையில் அவள் போடும் மெட்டோப்ரோலால், அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டாமல் தடுக்கிறது. துடிப்பு நிதானப்படும், மூச்சிரைப்பு குறையும். ஆனால் மேலறையின் நடுக்கம் அப்படியேதான் இருக்கும். "படபடப்பே இல்லையே, ராத்திரி மாத்திரை இனி எதற்கு?" என்று அம்மா கேட்பாள். நீ தயவுசெய்து ஆமாம் போடாதே. நாடி நிதானமாகத் தெரிந்தாலும் கட்டி உருவாகும் ஆபத்து போகவில்லை.

அந்த ராத்திரி மாத்திரைதான் அசிட்ரோம். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் சிலவற்றைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை இந்த மாத்திரை முடக்குகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் புரதங்கள் தீர வேண்டும் என்பதால், அளவை மாற்றினால் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். இருக்கிற கட்டியை இது கரைக்காது. வளராமலும் புதிதாக வராமலும் பார்த்துக்கொள்ளும். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிப்போனதில் கிடைத்த மருந்துக் குடும்பம் இது. எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பரிசோதனையில் வரும் ஐஎன்ஆர் என்ற அளவு அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. கீரையில் வைட்டமின் கே இருக்கிறது என்று முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்லாதே. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருப்பதுதான் ஆகாது.

சரி, நீ சொன்ன ஏபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் இரண்டும் ரத்தம் உறையும் சங்கிலியில் பத்தாம் காரணி என்ற புரதத்தை நேராகத் தடுப்பவை. கீரைக் கணக்கும் ஐஎன்ஆரும் வேண்டாம். உன் பெரியப்பா சாப்பிடுவது அந்த வகையைத்தான். அவருக்கு வால்வு நன்றாக இருக்கிறது. அம்மா மாதிரி ருமாட்டிக் வால்வு நோயும் சீரற்ற துடிப்பும் சேர்ந்த சுமார் 4,500 பேரிடம் ரிவராக்ஸாபானையும் அசிட்ரோம் போன்ற பழைய வகை மருந்தையும் ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வந்தது. பழைய மருந்து எடுத்தவர்களிடம்தான் பக்கவாதமும் குறைவு, இறப்பும் குறைவு. இதைக் கேட்ட பிறகு ஊசிவலியைக் காரணம் காட்டி மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், முட்டிவலி என்று அவள் உன்னிடம் சொன்னால் டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென் எதுவும் வாங்கி அனுப்பாதே. அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுத்துப்போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது ஒருநாள் கூடுதலாக லீவு போடு, டாக்டரிடம் மூன்று பேருமாகப் போய் வரலாம்.

அன்புடன்,
அப்பா