டோக்கியோவிலிருந்து அம்மாவுக்கு

நிஷிகசாய், டோக்கியோ
8-1-2011

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. துவரம்பருப்பு, புளி எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. உன் பொடி தீர்ந்ததிலிருந்துதான் சாம்பார் சாம்பாராக இல்லை. குளிர் வறண்ட குளிர், உதடு வெடிக்கிறது. நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறேன். ராத்திரியில் ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது, அதனால் போடுவதில்லை. ஆபீசுக்குப் பாதி தூரம் நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லதுதானே.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வருஷப் பிறப்பிலிருந்து துக்கம் காக்கிறாள். ஹிடெகோ தகாமினே என்ற நடிகை டிசம்பர் 28-ஆம் தேதி, 86 வயதில் காலமாகிவிட்டார். பாட்டிக்கு இன்னும் அவர் 'டெகோ-சான்'தான். என்னைக் கூப்பிட்டு, மீன் சேர்க்காமல் கடற்பாசியை மட்டும் கொதிக்கவைத்த சாற்றில் மோச்சி போட்டுக் கொடுத்தாள். அந்த அரிசி உருண்டையைக் குட்டிக் குட்டியாக வெட்டித்தான் போடுவாள். தொண்டையில் சிக்கி வருஷா வருஷம் வயதானவர்கள் சாகிறார்களாம்!

டெகோ-சான் 1929-இல், ஐந்து வயதில் நடிக்க வந்தவர். பையன் வேஷமும் போட்டிருக்கிறார். 1979 வரை ஐம்பது வருஷம் நடித்தார். நம் கமல் மாதிரி என்று நீ சொல்வாய். ஆனால் இவர் கதை வேறு. பெற்ற தாய் சின்ன வயதிலேயே போய்விட, அத்தைதான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போனதில்லை. இவர் சம்பளத்தில்தான் குடும்பம் சாப்பிட்டது, சொந்தக்காரர்கள் உட்பட. வளர்த்தவளோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லையாம். ஜப்பானின் முதல் கலர் படத்தில் நடித்தபின், 1951-இல் பாரிஸுக்குப் போய் மாதக்கணக்கில் தனியாக இருந்துவிட்டு வந்தார். ஏன் போனார் என்று பாட்டி விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் பாட்டி 'இருபத்து நான்கு கண்கள்' படத்தைப் போட்டாள். 1954-இல் வந்தபோது பள்ளிக்கூடத்துப் பெண்ணாகப் பார்த்தாளாம். ஷோடோஷிமா தீவுக்குப் புது டீச்சராக டெகோ-சான் சைக்கிளில் வருகிறார், பன்னிரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் முகஜாடை மாறக்கூடாது என்று டைரக்டர் கினோஷிதா அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளாகவே தேடிப் பிடித்திருக்கிறார். யுத்தம் முடிந்து, மிஞ்சினவர்கள் டீச்சரைப் பார்க்கக் கூடுகிறார்கள். ஒருவனுக்குப் பார்வை போய்விட்டது. பழைய வகுப்புப் போட்டோவைக் கையில் வாங்கி, விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்தி, இது இன்னார், இது இன்னார் என்கிறான். பாட்டி கர்ச்சீப்பை எடுத்துவிட்டாள்.

நான் அழவில்லை அம்மா. ஆனால் நம் கூடத்து போட்டோ நினைவுக்கு வந்துவிட்டது. மேலே தாத்தா, ஓரத்தில் நீ, தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் தங்கச்சி, அப்பா தோளுக்குப் பின்னால் ஈரம் இறங்கின சுவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். இந்தத் தை முதல் நாளும் எனக்கு ஆபீஸ்தான். பொங்கல் பொங்கும்போது போன் போடு, சத்தம் கேட்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பணம் 25-ஆம் தேதிக்குப் பிறகுதான் வரும். வருஷப் பிறப்பு விடுமுறையால் எல்லாம் தாமதம், வேறொன்றுமில்லை. அடகுக் கடையில் இந்த மாதம் வட்டி மட்டும் கட்டிவிடு. கிழக்கு வயல் பத்திரத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே அப்பா முழுக்கப் படித்துவிடட்டும். கண்ணில் கட்டு போட்ட பிறகு சித்தப்பா நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவார். தங்கச்சி ஜாதகத்தைக் கும்பகோணத்து அத்தையிடம் கொடுக்காதே, ஊர் முழுக்கச் சுற்றிவிடும். பொடி அனுப்பினால் இரண்டு கவராகப் போட்டுக் கட்டு. அப்பளம் வேண்டாம், போன தடவை தூளாகத்தான் வந்தது.

இப்படிக்கு
உன் மகன்