மழைச் சத்தத்துக்கு ஒரு பிடி அரிசி

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக இளைஞர்கள் கைபேசியில் எடுத்து இணையத்தில் ஏற்றும் குறும்படங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. கெமரா வேலை நன்றாகவே தேறிவிட்டது. காது கொடுத்துக் கேட்டால்தான் சங்கடம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துத் தகரத்தில் மழை கொட்டுகிறது. கேட்பதோ எங்கோ ஒரு நாட்டுப் புல்தரையில் பெய்த மழை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக் காட்சிக்குப் பின்னால் இந்த மலையில் இல்லாத பறவை கத்துகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சத்தத்தை அப்படியே ஒட்டுவதால் வரும் வினை இது. அடுப்படிச் சாமான்களை வைத்தே இதைச் சரிசெய்யலாம்.

சினிமாவில் இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். பேசும் படம் வந்த புதிதில், 1920களின் கடைசியில், யுனிவர்சல் ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே சத்தங்களைச் செய்துகொடுத்த ஜாக் ஃபோலியின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. படப்பிடிப்பில் மைக் நடிகரின் வாயைத்தான் பார்த்திருக்கும். காலையும் தேத்தண்ணிக் கோப்பையையும் பார்க்காது. வசனத்தைப் பின்னால் டப்பிங் பேசினால் மிச்சமிருந்த சத்தமும் போய்விடும். அதைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

மழையிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் சறுக்குவது அதில்தான். நிஜ மழையைப் பதிவு செய்தால் அப்பளம் பொரிகிற சத்தம்தான் கிடைக்கும். ஆயிரக்கணக்கான துளிகள் ஒரே நேரத்தில் விழும்போது தனித்துளி எதுவும் காதில் நிற்பதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிறது. போதாததற்கு, பல ஃபோன்களின் ரெக்கோர்டர் இரைச்சலைத் தானாகவே குறைக்கும். அதற்கு மழையும் இரைச்சல்தான், எனவே பாதியைத் தின்றுவிடும். அந்த வசதியை நிறுத்த முடிகிற செயலியையே பயன்படுத்துங்கள்.

இரண்டடி நீளத்தில் பழைய கூரைத்தகரம் ஒன்றை எடுத்து, இரு முனைகளுக்கும் அடியில் மடித்த துணி வையுங்கள். துணி இல்லாவிட்டால் தகரம் மணி மாதிரிக் கணகணக்கும். தகரத்தைச் சரிவாக வைத்து, கீழ்முனையில் ஒரு சாக்கை விரியுங்கள். ஒரு பிடி அரிசியை ஒன்றரை அடி உயரத்திலிருந்து விரலிடுக்கால் மெதுவாக உதிர்த்தால் தூறல் வரும். சரிவு குறைந்தால் ஒவ்வொரு மணியும் இரண்டு தரம் துள்ளும். மழைத்துளி துள்ளாது, எனவே காது உடனே கண்டுபிடித்துவிடும். முதல் பெருந்துளிகளுக்குப் பயறு நல்லது, அரிசியை விடக் கனம். அரிசி ஒரு தடம் (ட்ராக்), பயறு ஒரு தடம், தாழ்வாரத்திலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர் ஒரு தடம் என்று தனித்தனியாக எடுத்து, கடைசியில் அந்த நிஜ மழை இரைச்சலை எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லியதாகப் போடுங்கள். லயத்துக் காம்பராவுக்குள் நிற்கும் ஆளுக்குக் கேட்கிற மழை அப்போதுதான் வரும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் சத்தம் இதைவிட நுட்பமானது. மலையில் காற்று மைக்கை அடித்துவிடும் என்பதால் கொப்பை வெட்டிக்கொண்டு வந்து அறைக்குள் செய்வதே வழக்கம். ஆனால் உடனே செய்ய வேண்டும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்ட மணிக்கணக்காகும். சத்தம் வாடுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தண்டு துவண்டால் ஒடியாது, இழுபடும். தண்டு ஒடியும் சத்தம் போதாவிட்டால் பிஞ்சுப் போஞ்சியை ஒடித்துச் சேர்க்கலாம், அதுவும் பத்துக்கு இரண்டு தரம் மட்டும். கூடினால் விறகு முறிப்பது போலாகிவிடும். பறித்த கையைத் திருப்பிக் கூடையில் போடும் அந்த 'சரக்' சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். வேலையின் தாளமே அதில்தான் இருக்கிறது.

சண்டைக் காட்சியில் எலும்பு முறிய, நுவரெலியா லீக்ஸ் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி முறுக்குங்கள். துணி இல்லாவிட்டால் மரக்கறி என்று தெரிந்துவிடும். தை, மாசியில் புல்லில் உறையும் பனிமேல் நடக்க, துணிப்பையில் கோன் ஃப்ளவர் நிரப்பிப் பிசையலாம், கோதுமை மாவு வேலைக்காகாது. பறவைச் சிறகுக்குத் தோல் கையுறை இரண்டு. குதிரைக்குச் சிரட்டை, நடையானால் நான்கு தட்டு, துள்ளோட்டமானால் இரண்டு தட்டு. எல்லாக் குதிரையையும் ஒரே தாளத்தில் ஓடவிடுவதுதான் பொதுவான பிழை.

காலடிக்கு மண்ணையும் சரளையையும் மரத்தட்டில் பரப்பி, தட்டின் அடியில் சாக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குள் நடப்பது போலிருக்கும். நின்ற இடத்திலேயே குதிகாலிலிருந்து விரல்நுனி வரை உருட்டி மிதிக்க வேண்டும். நடிகரின் தோளைப் பாருங்கள். பாதம் பாதி நேரம் ஃபிரேமுக்குள் இருக்காது, தோள் ஏமாற்றாது.

செக்கனுக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிசெக்கன். இரண்டு ஃபிரேம் தள்ளிப்போனாலே கதவு வேறு, சத்தம் வேறு என்று தெரியும். இதில் ஃபோனின் குறும்பு ஒன்று உண்டு: வெளிச்சம் குறைந்தால் அதுவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் தொடக்கத்தில் ஒட்டியிருந்த காலடி, முடிவில் விலகி நிற்கும். சத்தம் செய்யத் தொடங்குமுன் வீடியோவை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒலியை 48,000 ஹெர்ட்ஸில் பதியுங்கள், அளவு -12 டெசிபெலைத் தாண்டாமல். சத்தம் தாழ்ந்தால் உயர்த்தலாம், உடைந்தால் ஒட்ட முடியாது.

பதிவுக்கு இரவு பத்து மணிக்குப் பின் உட்காருவது நல்லது. வெயில் இறங்கியபின் தகரக்கூரை சுருங்கி 'டக் டக்' என்று கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி, முதலில் அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் எடுத்து வையுங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் போலியாகச் செய்யப் போகாதீர்கள்: தப்பு என்னும் தோல் மேளம். பிளாஸ்டிக் வாளியைத் தட்டி அதைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக் காட்சியில் போட்டால் தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள். நிஜத் தப்பையே பதியுங்கள். மூட்டம் இறங்கிய மாலையில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து சத்தம் அமுங்கிப்போகும். காய்ந்த சருகில் நெருப்பு மூட்டிக் காய்ச்சிய கையோடு, மைக்கை ஆறடி தள்ளி வைத்து எடுங்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை திரும்பக் காய்ச்ச வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் தொழிலில் உள்ள இருவர்,
ஹட்டன்.