ஊசியில் இருப்பது என்னவென்று எழுதிக் கொடுங்கள்

முகத்தில் குழிகளையும் சுருக்கங்களையும் நிரப்ப ஊசியில் ஃபில்லர் போடும் டாக்டர்களுக்கும் கிளினிக் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நிரந்தர ஃபில்லர் பற்றித்தான் இந்த மடல். "ஒரு தடவை போட்டால் போதும், ஆயுசுக்கும் நிற்கும்" என்று சொல்லித்தான் அதை விற்கிறீர்கள். ஏதாவது கோளாறு வந்தால் அதுவும் ஆயுசுக்கும் நிற்கும் என்பதை ஏன் சொல்வதில்லை?

ஹயலூரோனிக் அமில ஃபில்லர் சரியாக அமையாவிட்டால் ஹயலூரோனிடேஸ் ஊசி போட்டுக் கரைக்கலாம். தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்தால்கூட உடனே அதைப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறது. நிரந்தர ஃபில்லராகப் போடுகிற பி.எம்.எம்.ஏ. என்கிற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளுக்கும் திரவ சிலிக்கானுக்கும் அப்படி ஒரு மாற்று மருந்தே கிடையாது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., பி.எம்.எம்.ஏ.வை முகத்தில் ஒன்றிரண்டு தேவைகளுக்கு மட்டும்தான் அனுமதித்திருக்கிறது, திரவ சிலிக்கானை அழகுக்காக ஊசியில் போட அனுமதிக்கவே இல்லை. பிரேசிலில் பி.எம்.எம்.ஏ.வால் பட்ட பாட்டுக்கு அப்புறம், 2025 ஜனவரியில் அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலே அதை ஃபில்லராக விற்பதைத் தடை செய்யச் சொல்லிக் கேட்டது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், பருத்தழும்புக் குழிகளை நிரப்பக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சில வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் பச்சைப்பயறு அளவில் கெட்டியாக ஒரு கட்டி, பக்கத்திலேயே இன்னொன்று, தொட்டால் வலி. புதிதாகப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது "என்ன போட்டாங்க?" என்றுதான். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பில், அதில் 'ஃபில்லர், 2 சிரிஞ்ச்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அது எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ளவே கன்னத்துச் சதையைக் கொஞ்சம் வெட்டி பயாப்சிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு ஊசி போட்டால் வற்றுகிறது, நிறுத்தினால் திரும்ப வீங்குகிறது. அறுத்து எடுக்கலாம் என்றால் சதையோடு சதையாகக் கலந்து கிடப்பதால் முழுசாக வராது, தழும்பு விழும், முக நரம்பில் கை பட்டால் வேறு வினை.

இத்தனைக்கும் பல ஃபில்லர் பெட்டிகளில் பெயரும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் கூடவே வருகிறது! அதில் ஒன்றைப் போட்டுக்கொள்பவர் கையில் கொடுங்கள், ஸ்டிக்கர் இல்லையென்றால் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கரையுமா கரையாதா, கட்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு, யோசித்து வரச் சொல்லி அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். பணம் வாங்கிக்கொண்டு அதே மதியம் ஊசி போட்டு அனுப்புகிற பழக்கத்தை நிறுத்துங்கள்.