“பழகுவோருக்கு” என்று பெட்டியில் எழுதினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மகால் பகுதி, மதுரை – 625 001
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரண்டு பாய்மரங்கள் கொண்ட மாதிரிக் கப்பல் பெட்டி – முறுக்கிய ஏரா (கப்பலின் அடிச்சட்டம்), போதாத பலகை, தவறான நூல் – மாற்றித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் ‘பழகுவோர் வரிசை’யில் வரும், இரண்டு பாய்மரங்கள் கொண்ட மாதிரிக் கப்பலை நாமே கட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்றை ரூ.4,850 கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்த ஏரா முறுக்கியிருக்கிறது என்று படங்களோடு எழுதினேன். மரம் இயற்கைப் பொருள், மதுரை வெயிலில் வளைவது சகஜம், ஒட்ட ஆரம்பித்துவிட்டால் மாற்றித் தர இயலாது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். தயவுசெய்து இந்தப் பெட்டியைத் தயாரிக்கும் பிரிவில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் ஒட்டவில்லை. பசை டப்பாவைத் திறக்கவே இல்லை. குறுக்குச் சட்டங்களை ஏராவின் காடியில், அதாவது சொருகுவதற்காக வெட்டிய பள்ளத்தில், சும்மா சொருகிப் பார்த்ததோடு சரி. ஒட்டியதாக உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் அனுப்பிய படங்களில் அப்படி எதுவும் இல்லை.

ஏராதான் கப்பலின் முதுகெலும்பு. அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை அடியில் முழு நீளத்துக்கும் ஓடுவது. உங்கள் பெட்டியில் அதை 3 மில்லி பிளைவுட்டில் 34 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் தந்திருக்கிறீர்கள். குறுக்குச் சட்டங்கள் பத்தும் அதன் காடிகளில்தான் உட்கார வேண்டும், பலகை எல்லாம் அந்தச் சட்டங்களின் மேல்தான் ஏற வேண்டும். ஏரா நேராக இல்லையென்றால் அதற்கு அப்புறம் எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் எதுவும் நேராக வராது. முன் பாய்மரம் ஒரு பக்கமும் பின் பாய்மரம் மறுபக்கமும் சாய்ந்து நிற்கும்.

பெட்டியைப் பிரித்த அன்றே ஏராவை ஒரு ஜன்னல் கண்ணாடியின் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். அணியம் கண்ணாடியோடு படிந்து நின்றது. பின்முனையின் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயம் எங்கும் உரசாமல் போய் வந்தது. புரட்டிப் போட்டால் வேறொரு ஓரம் தூக்குகிறது. வெறும் வளைவாக இருந்தால் கனம் ஏற்றி வைத்து நிமிர்த்தப் பார்க்கலாம். இது முறுக்கு.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடமும் காட்டினேன். கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து முனைக்கு ஒரு பார்வை பார்த்தார். மூலைமட்டத்தை எடுக்கக்கூட இல்லை. “பலகையே முறுக்கிக் கெடக்குப்பா. இதுல சட்டத்தைச் சொருகுனா அதுவும் கூடவே திரும்பிக்கிரும்” என்றார். அப்புறம் நான்காவது காடிக்குப் பக்கத்தில் வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டி இன்னொன்றையும் காட்டினார். நடு அடுக்கில் மரமே இல்லை, ஊசி உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. அடுக்குக்கு அடுக்கு மர ரேகையைக் குறுக்கே திருப்பி ஒட்டுவதில்தான் பிளைவுட்டின் பலம் இருக்கிறது. நடு அடுக்கில் ஓட்டை விழுந்த பலகையில் காடி வெட்டினால் அது உடைவதற்கென்றே வெட்டியது போல ஆகிவிடும்.

மதுரை வெயிலைச் சொல்கிறீர்கள். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடுவது உண்மைதான். ஆனால் கூரியர் வந்த அன்றைக்கே, வீட்டு நடுக்கூடத்தில் பிரித்தபோதே முறுக்கு இருந்தது. படங்களில் தேதி இருக்கிறது. உண்மையான காரணம் பேக்கிங்கில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளைவுட் தகட்டையும் பலகைக் கீற்றுக் கட்டையும் பாய்மரக் குச்சிகளையும் ஒன்றாக வைத்து இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தீர்கள். தட்டையாக இருக்க வேண்டிய தகடு உருண்டைக் குச்சிகளின் மேல் எத்தனை நாள் கிடங்கில் அழுந்திக் கிடந்ததோ. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. மதுரைக்கு விற்கிறீர்கள் என்றால் மதுரை வெயிலைத் தாங்குகிற மரத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது பலகை. கப்பல் உடலை மூடும் வேலைக்கு உங்கள் விளக்கத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “கீற்றுகளை மேலிருந்து கீழாக ஒட்டி உடலை மூடவும்.” இந்த முழு வேலையிலும் கடினமான கட்டம் இதுதான். நடுச் சட்டத்தின் ஓரத்தை ஒரு காகிதக் கீற்றால் சுற்றி அளந்தேன். மேலிருந்து ஏரா வரை 96 மில்லி. உங்கள் கீற்றின் அகலம் 4 மில்லி. ஆக ஒரு பக்கத்துக்கு 24 கீற்று. ஆனால் அணியத்தில் அதே அளவு 58 மில்லிதான். 24 கீற்றும் அங்கே வந்து சேர வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் சுமார் 2.4 மில்லிக்கு ஒடுங்க வேண்டும். அதாவது ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் முன்முனையை நோக்கிச் சீவிச் சரிவாக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒட்டினால் மூன்றாவது நான்காவது கீற்றிலேயே பக்கவாட்டில் மடங்கி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்து வளைக்க வேண்டும், இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று ஒட்டிச் சமமாகக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் நேரான ஏராவும் ஒரு பக்கமாக இழுபட்டுவிடும். இதில் ஒன்றுகூட உங்கள் தாளில் இல்லை. எல்லாவற்றையும் நான் யூடியூபில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். ரூ.4,850 கொடுத்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது நீங்கள்.

கணக்கும் சரியில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 48 கீற்று வேண்டும். பெட்டியில் இருப்பது 40. முதல் தடவை செய்கிறவன் கையில் சில கீற்றுகள் முறியத்தான் செய்யும். அதற்கு உபரியாக வைப்பதை விட்டுவிட்டு, ஒன்றுகூட முறியாவிட்டாலும் எட்டுக் குறையும்படி வைத்திருக்கிறீர்கள்.

பெட்டியில் இந்தியக் கப்பல் கட்டும் மரபைப் பற்றி வழவழப்பான தாளில் இரண்டு பக்கம் அச்சிட்டு வைத்திருந்தீர்கள். பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய திரிங்கோமலி போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது உண்மை. படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது பலகை ஒட்டும் முறைக்குக் கொடுத்திருக்கலாம். திரிங்கோமலியைக் கட்டியவர்களும் ஏராவை நேராகப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.

நூலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுடையது தறிக் குடும்பம். மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாவு நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உங்கள் பெட்டியில் “பருத்திக் கயிறு” என்று சீட்டு ஒட்டி ஒரே ஒரு உருண்டை இருந்தது. கையில் எடுத்ததுமே பளபளப்பு சந்தேகத்தைக் கொடுத்தது. ஒரு துண்டு வெட்டினேன். வெட்டிய முனையில் புரி மூன்றும் தானாகப் பிரிந்துகொண்டன. தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் விரலில் உதிரும். இது சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணியாகிவிட்டது. இது பாலியஸ்டர். பாலியஸ்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக முறுக்கேற்றிய பாலியஸ்டர் கயிற்றில் அருமையாகக் கப்பல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பருத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். முடிச்சில் ஒரு சொட்டுப் பெவிகால் வைத்தால் இறுகும் என்று விளக்கத் தாளிலும் சொல்லியிருக்கிறீர்கள். பருத்தியில் பசை ஊறிப் பிடிக்கும். இந்த நூலில் வழுக்கிக்கொண்டு போகிறது.

தடிமனும் தப்பு. கப்பலின் அளவு 1:72, அதாவது உண்மைக் கப்பலில் 72இல் ஒரு பங்கு, என்று பெட்டியில் இருக்கிறது. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறு உண்மைக் கப்பலில் 22 மில்லி என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் அது 0.3 மில்லி. உங்கள் நூல் 0.8 மில்லி. அப்படியானால் உண்மைக் கப்பலில் அது 58 மில்லிக் கயிறு! அதையே பாயைத் தூக்கும் மெல்லிய கயிறுகளுக்கும் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். நிறமும் எல்லாம் ஒரே வெள்ளை. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அதனால் அவை கறுத்திருக்கும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் சணல் நிறத்தில் இருக்கும். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. படத்தில் இருப்பவர் எந்தக் கடையில் நூல் வாங்கினார் என்று எனக்கும் சொன்னால் நானும் அங்கேயே வாங்கிக்கொள்வேன். உங்கள் பெட்டியில் இருப்பதை வைத்து அந்தப் படம் வராது.

அதே படத்தில் முன் பாய்மரத்தின் மேலே குறுக்காக இரண்டு பருமல்களும் (பாயைக் கட்டும் குறுக்குக் கட்டைகள்) அவற்றில் சதுரப் பாய்களும் இருக்கின்றன. பெட்டிக்குள் அந்தப் பருமல்களுக்குக் குச்சியும் இல்லை, வரைபடத்தில் அவற்றின் அளவும் இல்லை. கயிறு இறுக்கும் மூன்று துளைக் கட்டைகளில் சிலவற்றுக்கு இரண்டு துளைதான். லேசர் வெட்டு சில இடங்களில் பின்பக்கம்வரை இறங்கவில்லை, பிரித்தால் அடுக்கு கிழிந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் படம் இணைத்திருக்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். நான்கைந்து கப்பல் கட்டிய அனுபவசாலி கையில் இந்த ஏரா போயிருந்தால், கண்ணாடியில் வைத்துப் பார்த்த நிமிடமே குப்பையில் போட்டுவிட்டு நல்ல பிளைவுட்டில் புதிதாக வெட்டிக்கொள்வார். நூலையும் வேறு வாங்குவார். புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்த வழி தெரியாது. கீற்று மடங்கினால் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பான். பாய்மரம் சாய்ந்தால் தனக்குப் பொறுமை இல்லை என்று நினைப்பான். பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டுவிடுவான், மறுபடி தொடவே மாட்டான். ஆசாரி பக்கத்துத் தெருவில் இல்லாத எத்தனை பேர், எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படி விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்தப் பெட்டியில் தப்பு இருந்தாலும் இதில் இருக்கவே கூடாது. பழகுவோருக்கு என்று எழுதிய பெட்டிதான் உங்களிடம் இருப்பதிலேயே நேரான மரத்தோடும் தெளிவான தாளோடும் வர வேண்டும்.

எனக்கு வேண்டியது இதுதான். முறுக்கில்லாத ஏராவும் குறுக்குச் சட்டங்களும் தட்டையாகப் பேக் செய்து வர வேண்டும். குறையும் கீற்றுகள் உபரியோடு வேண்டும். சீட்டில் சொன்னபடி பருத்திக் கயிறு, கறுப்பிலும் சணல் நிறத்திலும், 1:72க்கு ஏற்ற தடிமனில் வேண்டும். பருமல்களுக்கான குச்சியும் அளவும், துளை சரியான கட்டைகளும் வேண்டும். பலகை ஒட்டும் முறையைத் தமிழில் படங்களோடு ஒரு தாளில் எழுதி எனக்கு மட்டுமல்லாமல் இதை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். அதுவரை பெட்டியின் மேல் இருக்கும் படத்தை மாற்றுங்கள். இவற்றைச் செய்ய முடியாதென்றால் பெட்டியை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். ஆனால் எனக்குப் பணத்தைவிடக் கப்பல்தான் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் அலுவலகம் வேறு ஊரில் இருப்பது அதற்குத் தடையில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஏராவையும் நூலையும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்து பார்ப்பதானாலும் சரி, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். கண்ணாடியும் நாணயமும் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: ரசீது நகல், பெட்டி பிரித்த அன்று எடுத்த படங்கள், நூலின் மாதிரித் துண்டு, உங்கள் பதிலின் நகல்.