அண்ணனின் நோயைப் பற்றி இராமநாதனுக்கு

அன்புள்ள இராமநாதனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பார்க்கின்சன் நோய் கண்ட உன் அக்கா, மருந்தால் நடுக்கம் ஓரளவு அடங்கிய பிறகும் எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றும், அது உங்கள் மேலுள்ள வருத்தமோ என்று வீட்டில் எல்லோரும் மருகுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லுமுன், என் அண்ணனுக்கு நேர்ந்ததை உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

அண்ணனை உனக்குத் தெரியும். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து, கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு தங்கிச் சரிபார்த்துவிட்டு வரும் மனிதர். ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பிருந்தே அவர் மாறத் தொடங்கினார். துக்க வீட்டில் உரக்கச் சிரித்துப் பேசினார். முன்பின் அறியாதவர்களிடம் பணத்தைத் தூக்கிக் கொடுத்தார். இனிப்பைக் கண்டால் பெட்டி காலியாகும்வரை நிறுத்தமாட்டார். அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அன்று, அவரைத் தாண்டிச் சென்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஏக்கம் என்றார்கள் சிலர், கிரகக் கோளாறு என்றார்கள் சிலர். முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார். நினைவாற்றலைச் சோதித்தபோது ஏறத்தாழ முழு மதிப்பெண் வாங்கினார் என்பதால், மறதிநோயாக இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் அண்ணனைவிட அண்ணியிடம்தான் அதிக நேரம் பேசினார். எம்.ஆர்.ஐ. படத்தில், நெற்றிக்குப் பின்னாலுள்ள மடல்களும் வலப்பக்கப் பொட்டு மடலின் முன்பகுதியும் சுருங்கி, மடிப்புகளுக்கிடையே கருமையான இடைவெளி அகன்றிருந்தது. பின்பகுதி நன்றாகவே இருந்தது. அடுத்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் கதிரியக்க ஃபுளோரின் பொருத்திய குளுக்கோஸை நரம்பில் ஏற்றி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது என்று படம் பிடிக்கிறார்கள். உழைக்காத பகுதி மங்கித் தெரியும். அல்சைமர் நோயில் பெரும்பாலும் மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதிகள் மங்கும்; அண்ணனுக்கு முன்பகுதி மங்கியிருந்தது. நோயின் பெயர் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா; மூளையின் முன் மடல்களும் பொட்டு மடல்களும் நலிவதால் வரும் ஒருவகை மறதிநோய். 1892இல் பிராகா நகரில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் முதலில் விவரித்தது இந்த நோய்க் குடும்பத்தைத்தான். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது என்பதால், உழைத்துச் சம்பாதிக்கும் காலத்திலேயே குடும்பத்தை நிலைகுலைய வைக்கிறது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது ஒன்று உண்டு. மூளையின் முன்பகுதியில் இன்சுலா என்றும் சிங்குலேட் என்றும் சொல்லப்படும் இடங்களில், வான் எகனாமோ செல்கள் எனப்படும் நீண்ட கதிர் வடிவ நரம்பணுக்கள் இருக்கின்றன. இந்த நோயின் தொடக்கத்திலேயே அவை குறிப்பாக அழிகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிரில் இருப்பவரின் வலியை நம் உடம்பில் உணர்வதற்கும், இந்த நேரத்தில் எது முக்கியம் என்று சட்டெனத் தெரிந்துகொள்வதற்கும் அந்தப் பகுதிகள் தேவை. கீழே கிடந்த அண்ணியை அண்ணனின் கண்கள் பார்த்தன. அது தன்னை உடனே அசைக்க வேண்டிய காட்சி என்று அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. இத்தனை காலமும் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நம்பியிருந்த அண்ணி, மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியபின் நெடுநேரம் அழுதார். அதற்குப் பிறகு அண்ணனிடம் அவர் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நோயின் தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. ஏறக்குறைய இயல்பாகவும் இருக்கலாம். 2011இல் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, அடக்கமின்மை, அக்கறையின்மை, பரிவு குன்றுதல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், உணவுப் பழக்க மாற்றம், திட்டமிடும் திறன் குறைதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருந்தால்தான் இந்த நோயைச் சந்தேகிக்கிறார்கள்; படம் அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது. வீட்டிலுள்ளவர் சொல்லும் கதைதான் முதல் சோதனை என்று எனக்குப் படுகிறது.

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனபசில் இதற்கு உதவுவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். அண்ணனின் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்திருக்கிறோம். இனிப்பு வீட்டில் வைப்பதில்லை. மாலையில் ஒரே வழியில் நடந்து வருவதை மட்டும் தடுப்பதில்லை, அதில் அவருக்கு அமைதி இருக்கிறது.

இனி உன் அக்காவைப் பற்றி. பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதோடு மற்ற வேதிப்பொருள்களும் பாதிக்கப்படுவதால், மனச்சோர்வும் ஆர்வமின்மையும் நோயின் பகுதியாகவே வரலாம். இரண்டும் ஒன்றல்ல. மனச்சோர்வில் துயரமும் குற்றவுணர்வும் இருக்கும். ஆர்வமின்மையில் துயரமே இல்லாமல் முனைப்பு மட்டும் வற்றியிருக்கும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு என்பதால், எது என்று பிரித்தறிவது அவசியம். அவர் அழுகிறாரா, தூக்கம் எப்படி, பேரன் வந்தால் முகம் மலர்கிறதா என்று கவனித்து எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் கொடு. திடீரென லாட்டரி, சூதாட்டம், அளவுமீறிய பொருள் வாங்குதல் என்று ஏதேனும் தொடங்கினால் அதையும் சொல். சில பார்க்கின்சன் மருந்துகளால் அப்படி நேர்வதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
கண்ணப்பன்